தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?

கச்சா எண்ணெய் விலை ஏறியது, இறங்கியது என்று தினமும் செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு நாம் பெருமூச்சு விடுகிறோம், இல்லையென்றால் அரசாங்கத்தைத் திட்டுகிறோம். ஆனால் எண்ணெய் வியாபாரத்தில் விலை என்பது கடைசியாக வந்து சேரும் செய்தி. அதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிடும் எண்கள் வேறு சில உண்டு. கிணறுகளிலிருந்து இன்னும் எவ்வளவு கூடுதலாக எடுக்க முடியும்? தொட்டிகளில் இப்போது எவ்வளவு இருக்கிறது? போன வாரத்தைவிட அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

இந்த எண்களைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் உண்டு. கண் முன்னே இருந்தும் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. எண்ணே கையில் இல்லாமல் திண்டாடியவர்களும் உண்டு. கடந்த 90 வருட எண்ணெய் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான கட்டுரைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் ஆரம்பம்

1930 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கிழக்குப் பகுதியில், மிகப் பெரிய எண்ணெய் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கிணறு தோண்டினார்கள். நிலத்துக்கு அடியில் எண்ணெய் வேலி பார்த்து நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் உறிஞ்சினால் நம் நிலத்தடி எண்ணெயும் அவர் பக்கம் நகர்ந்துவிடும். அதனால் ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் எடுத்துத் தள்ளினார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். சுமார் ஒரு டாலருக்கு விற்ற அந்தப் பீப்பாய் சில மாதங்களில் 10 சென்ட் வரை இறங்கிவிட்டது. 1931 ஆகஸ்டில் மாநில ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் படையை அனுப்பிக் கிணறுகளை மூடவைக்க வேண்டியதாயிற்று. (அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி.)

இதற்குப் பிறகு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை முழுமூச்சாகக் கையில் எடுத்தது டெக்சாஸ் ரயில்வே கமிஷன். 1891-இல் ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்த ஏற்பட்ட அமைப்பு அது. பெயர் மட்டும் ரயில்வே, செல்வாக்கெல்லாம் எண்ணெயில்.

அவர்கள் வேலை செய்த விதம் எளிமையானது. மாதாமாதம் கூட்டம் நடக்கும். எண்ணெய் வாங்கும் கம்பெனிகள் அடுத்த மாதம் தங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் சுரங்கத் துறை தன் பங்குக்குத் தேவை மதிப்பீடு ஒன்றைத் தரும். தொட்டிகளில் ஏற்கெனவே இருக்கும் இருப்பையும் பார்ப்பார்கள். இவற்றை வைத்து அடுத்த மாதம் கிணறுகள் எவ்வளவு எடுக்கலாம் என்று கமிஷன் உத்தரவு போடும். அந்த அளவை நாள் கணக்கில் சொல்வதும் வழக்கம். 1962-இல் பல கிணற்றுக்காரர்களுக்கு மாதத்தில் 8 நாள் அளவுக்குத்தான் அனுமதி. அதாவது முழுத் திறனில் கால் பங்கை ஒட்டித்தான் எண்ணெய் எடுத்தார்கள். மீதி பூமிக்குள்ளேயே இருந்தது.

1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஒபெக் அமைப்பு பிறந்ததே, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெனிசுவேலாவின் பெரெஸ் அல்ஃபோன்சோ இந்த ரயில்வே கமிஷனை நன்றாகப் படித்தவர். தேவையைக் கணக்கிட்டு உற்பத்தியை அளந்து விடும் வித்தையை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

பூமிக்குள் விட்டுவைத்த அந்த முக்கால் பங்குதான் உலகத்துக்கே காப்பாக இருந்தது. 1967 ஜூன் மாதம் அரபு - இஸ்ரேல் யுத்தம் வந்தது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் எண்ணெய் தரமாட்டோம் என்று அரபு நாடுகள் அறிவித்தன. டெக்சாஸ் தன் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டது. சில வாரங்களில் தடை பிசுபிசுத்துப் போயிற்று.

யாரும் சரியாகப் படிக்காத எண்

1970-இல் அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி உச்சம் தொட்டு, பிறகு இறங்க ஆரம்பித்தது. கார்களோ பெருகிக்கொண்டே இருந்தன. ரயில்வே கமிஷனின் மாதாந்திர உத்தரவில் அனுமதி அளவு ஏறிக்கொண்டே வந்து, 1972-இல் நூற்றுக்கு நூறைத் தொட்டது. எடுக்க முடிந்த அளவெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. உத்தரவு பகிரங்கமாக வந்தது. கிணற்றுக்காரர்களுக்கு அது சந்தோஷச் செய்தி, இனி முழு வருமானம். ஆனால் அந்த 100 என்ற எண்ணுக்கு வேறொரு பொருளும் இருந்தது. இனிமேல் அவசரத்துக்குத் திறந்துவிடக் கூடுதல் குழாய் கிடையாது என்பதுதான் அது. 1967-இல் கைகொடுத்த காப்பு தீர்ந்துவிட்டது. விலையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையில் எண்ணெய் விவகாரங்களைக் கவனித்த ஜேம்ஸ் எய்கின்ஸ் போன்ற சிலர் மட்டும் எச்சரித்தார்கள். 1973 ஏப்ரலில் இதைப் பற்றி அவர் நீண்ட கட்டுரையே எழுதினார்.

அந்த அக்டோபரில் மீண்டும் யுத்தம். அரபு நாடுகள் மீண்டும் தடை அறிவித்தன, உற்பத்தியையும் குறைத்தன. இந்த முறை டெக்சாஸால் எதுவும் செய்ய முடியவில்லை. வளைகுடா எண்ணெயின் அறிவிப்பு விலை 1973 அக்டோபரில் சுமார் 5 டாலருக்கு உயர்த்தப்பட்டது. 1974 ஜனவரியில் 11.65 டாலர் ஆயிற்று.

நம் ஊரில் என் வயதொத்தவர்களுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கும். கிருஷ்ணாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் நாம். டெல்லியில் 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்கு வந்தார். பம்பாய் ஹையில் எண்ணெய் இருப்பது தெரிந்தது 1974 பிப்ரவரியில்தான், அங்கிருந்து எண்ணெய் வர 1976 ஆயிற்று.

எண் இல்லாத அரசாங்கம்

அமெரிக்காவில் அந்தக் குளிர்காலத்தில் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசைகள். மக்களிடையே ஒரு வதந்தி பரவியது. எண்ணெய்க் கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கின்றன, விலை ஏறட்டும் என்று கம்பெனிகள் காத்திருக்கின்றன என்று. 1974 ஜனவரியில் பெரிய கம்பெனிகளின் அதிகாரிகளைக் கூப்பிட்டு வைத்துச் செனட்டர் ஹென்றி ஜாக்சன் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்.

உண்மையில் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல அரசாங்கத்திடம் சொந்தக் கணக்கு இல்லை. வாராவாரம் இருப்புக் கணக்கை வெளியிட்டு வந்தது எண்ணெய்க் கம்பெனிகளே சேர்ந்து நடத்தும் சங்கம். பதுக்குகிறார்கள் என்று யார் மேல் சந்தேகமோ, அவர்கள் தந்த கணக்கை வைத்தே அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. யார் நம்புவார்கள்?

இந்த அவமானத்திலிருந்து சில நல்ல காரியங்கள் பிறந்தன. 1974 நவம்பரில் பாரிஸில் சர்வதேச எரிசக்தி முகமை தொடங்கப்பட்டது. உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும், கணக்கையும் முறையாகத் தர வேண்டும் என்பது விதி. அமெரிக்கா 1975-இல் அவசரகாலச் சேமிப்புக்குச் சட்டம் இயற்றியது. டெக்சாஸிலும் லூசியானாவிலும் நிலத்தடி உப்புப் பாறைகளைக் குடைந்த குகைகளில் அந்த எண்ணெய் சேமிக்கப்படுகிறது. 1977-இல் எரிசக்தித் தகவல் நிர்வாகம் என்ற அரசு அமைப்பு வந்தது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. இந்த அமைப்பின் தலைவர் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கவோ வெளியிடவோ அரசாங்கத்தில் வேறு எந்த அதிகாரியிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. மந்திரிக்குப் பிடிக்காத எண்ணும் வெளியே வந்தே தீரும்.

1979-உம் 1991-உம்

நல்ல கணக்கு இருந்தால் என்ன பயன் என்பதை இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

1978 கடைசியில் ஈரானில் புரட்சி. அந்த நாட்டு ஏற்றுமதி நின்றது. மற்ற நாடுகள் ஓரளவு ஈடுகட்டிய பிறகு உலகத்துக்கு நிகரமாகக் குறைந்தது நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான். ஆனால் விலை 13 டாலரிலிருந்து 34 டாலருக்குப் போயிற்று. காரணம் பயம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. இன்னும் மோசமாகலாம் என்று கம்பெனிகள் கிடைத்ததையெல்லாம் வாங்கித் தொட்டியில் நிரப்பின. கார் வைத்திருந்தவர்களும் டேங்க்கில் கால்வாசி இருக்கும்போதே மறுபடி நிரப்ப ஓடினார்கள். கோடிக்கணக்கான கார்களின் டேங்க்குகள் நிரம்பியபோது பங்குகள் காலியாயின. பற்றாக்குறைக் காலத்தில் குறைய வேண்டிய இருப்பு கூடிக்கொண்டே போனதுதான் வேடிக்கை.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. இரண்டு நாடுகளின் எண்ணெயும் சேர்த்து நாளுக்கு 40 லட்சம் பீப்பாய்க்கு மேல் சந்தையிலிருந்து மறைந்தது. அக்டோபரில் விலை 40 டாலரைத் தொட்டது. ஆனால் இப்போது இருப்புக் கணக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்தது. சவூதி அரேபியா எவ்வளவு கூடுதலாக எடுக்கிறது, பணக்கார நாடுகளின் தொட்டிகளில் எவ்வளவு இருக்கிறது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது. 1991 ஜனவரி 17 அன்று குண்டுவீச்சு தொடங்கியது. அன்றே எரிசக்தி முகமை நாளுக்கு 25 லட்சம் பீப்பாய் சந்தைக்குக் கிடைக்கச் செய்யும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. யுத்தம் தொடங்கினால் விலை எகிறும் என்று எதிர்பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரே நாளில் சுமார் 10 டாலர் இறங்கியது.

இந்தியாவுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. நாம் அந்த முகமையில் உறுப்பினர் இல்லை, அவசரச் சேமிப்பும் இல்லை. அந்த ஆறு மாதம் கூடுதல் விலைக்கு வாங்கியது, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த அந்நியச் செலாவணியைக் கரைத்தது. 1991 ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். அந்த நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் எண்ணெய் பில் அதில் முக்கியமான ஒன்று.

காணாமல் போன பீப்பாய்கள்

நான் பணிக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் இருந்தவன். கிடங்குக் கணக்கில் ஒரு பாலபாடம் உண்டு. ஆரம்ப இருப்பு, அதோடு வரவு, கழித்தால் செலவு, மிச்சம் இறுதி இருப்பு. ஏட்டில் வரும் மிச்சமும் நேரில் எண்ணிப் பார்க்கும் மிச்சமும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மூன்றில் ஏதோ ஒரு எண் தப்பு.

1998-இல் உலக எண்ணெய்க் கணக்கில் இதே தகராறு வந்தது. ஏட்டுக் கணக்குப்படி உற்பத்தி தேவையைவிட மிக அதிகம், எனவே கோடிக்கணக்கான பீப்பாய்கள் எங்கோ தேங்கியிருக்க வேண்டும். ஆனால் கணக்குத் தரும் நாடுகளின் தொட்டிகளில் அவ்வளவு எண்ணெயைக் காணோம். வியாபாரிகள் இவற்றுக்குக் ‘காணாமல் போன பீப்பாய்கள்’ என்றே பெயர் வைத்தார்கள். எங்கோ பெருங்கடலாக எண்ணெய் கிடக்கிறது என்று சந்தை நம்பியது. ஆசிய நாடுகளின் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, விலை 10 டாலர் அளவுக்கு விழுந்தது. 1999 மார்ச்சில் ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகை உலகம் எண்ணெயில் மூழ்குகிறது, விலை 5 டாலருக்குக்கூடப் போகலாம் என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. கம்பெனிகள் புதுக் கிணறு தோண்டும் செலவைக் குறைத்தன, ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அந்த மாதமே ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைக்க முடிவு செய்தன. வருட முடிவில் விலை 25 டாலர்.

பின்னாளில் தேவைக் கணக்கைத் திருத்தியபோது காணாமல் போன பீப்பாய்களில் ஒரு பகுதி கரைந்துபோனது. வளரும் நாடுகளில் நம்மைப் போன்றவர்கள் எரித்த எண்ணெயை யாரும் சரியாக எண்ணவில்லை. இல்லாத இருப்பை நம்பி விலை பேசியிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் 2001-இல் ஒபெக், எரிசக்தி முகமை, ஐ.நா. புள்ளியியல் பிரிவு உட்பட ஆறு அமைப்புகள் சேர்ந்து மாதாந்திரக் கணக்கைப் பொதுவில் சேகரிக்க ஆரம்பித்தன. விற்பவரும் வாங்குபவரும் ஒரே பேரேட்டில் எழுதுவது என்பது பெரிய விஷயம். 2005-இல் அந்தத் தரவுத்தளம் ரியாத்தில் பகிரங்கமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஆனாலும் ஓட்டைகள் உண்டு. சீனா தன் சேமிப்பு அளவை முறையாக வெளியிடுவதில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய எண்ணெய்த் தொட்டிகளின் கூரை எண்ணெயின் மேல் மிதக்கும். எண்ணெய் குறைந்தால் கூரை கீழே இறங்கும், தொட்டிச் சுவரின் நிழல் கூரையின் மேல் நீளமாக விழும். செயற்கைக்கோள் படத்தில் அந்த நிழலை அளந்து உள்ளே எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள்!

2020-இல் நாம்

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விற்பவரே பணம் கொடுத்து எண்ணெயை எடுத்துப் போகச் சொன்ன நாள். அந்த ஒப்பந்தத்தின்படி எண்ணெயைக் கையில் வாங்க வேண்டிய இடம் ஓக்லஹோமாவில் உள்ள குஷிங் என்ற சிற்றூர். கொரோனா ஊரடங்கால் அங்கே தொட்டிகள் வேகமாக நிரம்பின. ஒரே மாதத்தில் சுமார் 2 கோடி பீப்பாய் கூடியிருந்தது. வாராவாரம் வந்த இருப்புக் கணக்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. மிச்ச இடத்தையும் பிறர் முன்பே பிடித்து வைத்துவிட்டார்கள். எண்ணெயை வைக்க இடமில்லாதவர்கள் கடைசி நாளில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த முறை நம் நாடு சும்மா இருக்கவில்லை. 2004-இல் இதற்கென்றே ஒரு அரசு நிறுவனம் அமைக்கப்பட்டு, விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக் குகைகள் தயாராகியிருந்தன. (உடுப்பிக்கு அருகில் இருக்கும் பாதூர் இது. நம் ஓ.எம்.ஆர். படூர் வேறு.) மாட்டு வண்டியில் வந்த வாஜ்பாய் பிரதமராக இருந்த காலத்தில் உருவான திட்டம் இது. மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். 2020 ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் குகைகளில் காலியாக இருந்த இடத்தை அரசு நிரப்பியது. சராசரி விலை பீப்பாய்க்கு 19 டாலர். இதனால் சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்று பாராளுமன்றத்தில் தெரிவித்தார்கள். 1991-ஐ நினைத்துப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்குப் பிரிவுக்காரன் புத்தி அதோடு நிற்பதில்லை. அப்போது வாங்கி நிரப்பியது சுமார் 1.67 கோடி பீப்பாய். நம் நாடு சாதாரண நாளில் செலவழிப்பது ஏறக்குறைய 50 லட்சம் பீப்பாய். வகுத்துப் பாருங்கள், மூன்று நாள் சொச்சம். அவ்வளவு மலிவாகக் கிடைத்த நேரத்தில் நமக்கு இருந்த காலி இடம் அவ்வளவுதான். மூன்று குகைகளும் நிரம்பினாலும் ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். எண்ணெய்க் கம்பெனிகளின் சொந்த இருப்பையும் சேர்த்தால் அரசின் கணக்கில் 74 நாள். கணக்கைச் சரியாகப் படித்தோம், பாத்திரம்தான் சிறியதாக இருந்தது. 2021 ஜூலையில் ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் சேர்த்து இன்னும் 65 லட்சம் டன்னுக்கு இடம் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அவை கட்டி முடித்து நிரம்பும் வரை அடுத்த நெருக்கடி காத்திருக்குமா என்பதுதான் கேள்வி. விலை குறைவாக இருக்கும் வருடங்களில் இந்த மாதிரிச் செலவு யாருக்கும் அவசரமாகத் தெரிவதில்லை.

இந்த எண்களெல்லாம் இன்று யாரும் பார்க்கலாம் என்பது நம் தலைமுறைக்குப் புதுசு. அமெரிக்க இருப்புக் கணக்கு புதன்கிழமைதோறும் நம் நேரம் இரவு எட்டு மணிக்கு வருகிறது, அவர்கள் குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கு. நம் நாட்டில் 2002-இல் தொடங்கிய பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் ஆய்வுப் பிரிவு, மாதாமாதம் நாம் எவ்வளவு இறக்குமதி செய்தோம், எவ்வளவு செலவழித்தோம், என்ன விலைக்கு வாங்கினோம் என்று வெளியிடுகிறது. அடுத்த முறை ‘கச்சா எண்ணெய் 3 டாலர் ஏற்றம்’ என்று செய்தி வந்தால், அதற்குக் கீழே இருப்பு கூடியதா குறைந்ததா என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். போடாவிட்டால் நீங்களே தேடிப் பாருங்கள். பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.